மரவில் செய்யப் பழக்க என்ன சாமான் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறுகளில் எங்கள் வளவில் பிள்ளைகளுக்கு வில் செய்யப் பழக்குகிறேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய் தகப்பனும், தாங்களும் இப்படி ஒன்று தொடங்கலாமா என்று யோசிக்கிற ஆசிரியர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்ட மாதிரியே கேள்வியை எழுதிக் கீழே பதிலைப் போட்டிருக்கிறேன். வில்லூன்றி என்று ஓர் இடத்துக்கே பெயர் வைத்திருக்கிற யாழ்ப்பாணத்தில் வில் செய்ய ஆள் தேட வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

இரண்டு சொல்லை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அம்பு போகிற திசையைப் பார்க்கிற பக்கம் வில்லின் முதுகு. எய்கிறவரைப் பார்க்கிற பக்கம் வயிறு. வளைக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசிபடும்.

மாஸ்டர், மொத்தமா எத்தனை சாமான் வாங்கோணும்?

ஒரு கைக்கோடாலி, ஒரு முள் அரம், ஒரு சுரண்டித் தகடு, நாண் வெட்டுக்கு (வில் நுனியில் நாண் மாட்டுகிற பள்ளம்) ஒரு சின்ன வட்ட அரம், ஒரு பென்சில். இவை கையில் பிடிக்கிறவை. சுவரில் ஒரு பலகை, ஒரு கப்பி, கொஞ்சக் கயிறு, பயணப்பை நிறுக்கிற ஒரு தொங்கு தராசு. அவ்வளவுதான். அரத்தாள் கடைசி நாளில் மட்டும்.

நான் முதன்முதல் வகுப்பு வைத்தபோது உளி செற், இரண்டு சீவுளி, வைஸ் எல்லாம் வாங்கி அடுக்கினேன். அந்த முறை பத்து வில்லில் ஆறு முறிந்தது. அடுத்த முறை சாமானைக் குறைத்தேன், முறிவும் குறைந்தது. மரத்தை ஆழமாக எடுக்கிற சாமானைப் புதிதாகப் பழகுகிறவரின் கையில் கொடுத்தால், பிழை நடந்து முடிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியவரும். கீழே வருகிற பதில்களில் பாதிக்கு இதுதான் அடி.

கோடாலி ஒண்டு போதாதோ? பழைய ஆக்கள் அதாலதானே செய்தவை?

நல்ல கேள்வி. 1991இல் ஆல்ப்ஸ் மலையில் இத்தாலி, ஒஸ்திரியா எல்லைக்குப் பக்கத்தில் பனிக்குள் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஏறத்தாழ 5,300 வருடத்துக்கு முந்தியவன். அவனிடம் செப்புக் கோடாலி ஒன்றும், அவனைவிட உயரமான, 1.82 மீற்றர் நீள வில் ஒன்றும் இருந்தன. அந்த வில்லில் கருவி பட்ட தடம் அப்படியே தெரிகிறது. ஏனென்றால் அது செய்து முடியாத வில். அவன்கூட மிச்சத்தைக் கோடாலியாலேயே முடித்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

கோடாலி வேலை என்பது தடியைக் கோடு போட்ட உருவத்துக்கு ஒரு விரல் வெளியே வரை கொண்டுவருவது. அதோடு அதைத் தூக்கி வைத்துவிட வேண்டும். எங்கள் வகுப்பில் 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதையும் நானே செய்து கொடுத்துவிடுகிறேன்.

என்ர அப்பா தச்சுவேலை. வீட்டில சீவுளி, உளி, வாய்ச்சி எல்லாம் கிடக்கு. கொண்டு வரலாமோ?

வாய்ச்சி வேண்டாம், உளி தேவைப்படாது. சீவுளியைக் கொண்டு வரலாம், ஆனால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரவும். சீவுளி நேரான தளத்தை உண்டாக்கப் பிறந்தது. வில்லின் வயிறு நேரான தளம் இல்லை. நடுவில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலிகிற சரிவு அது. கணு வருகிற இடத்தில் அலகு நாரைக் கிளப்பிவிடும். தச்சனுக்கு அது சத்தத்திலேயே விளங்கும், உடனே திருப்பிப் பிடிப்பார். பிள்ளைக்கு விளங்காது.

யூரியூப்பில வெள்ளைக்காரர் ரெண்டு பக்கமும் பிடி வைச்ச கத்தியால இழுக்கினம். அது கட்டாயமோ?

அந்த இழுப்புக் கத்தி இங்கே கடையில் கிடைப்பது அருமை. பழைய லொறி ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்தால் கொல்லர் ஒருவர் அடித்துத் தருவார். நானும் ஒன்று வைத்திருக்கிறேன், எனக்கு விருப்பமான சாமான் அது.

ஆனால் முதல் வில்லுக்கு வேண்டாம். அது நார் போகிற பக்கம் போகும். நார் உள்ளே இறங்கினால் கத்தியும் கூடவே இறங்கி, ஒரே இழுவையில் உள்ளங்கை நீளச் சிராயைத் தூக்கி எறிந்துவிடும். மூன்றாவது, நான்காவது வில்லுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிறேன்.

முள் அரம் எண்டா எது? கடையில கேட்டா இரும்பு அரத்தைத் தாறாங்கள்.

இரும்பு அரத்தில் கோடு கோடாக வெட்டு இருக்கும். அது மரத்தில் ஐந்து நிமிடத்தில் தூள் அடைத்து வழுக்கத் தொடங்கும். முள் அரத்தில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக, பலாப்பழத் தோல் மாதிரி எழும்பி நிற்கும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் அரைவட்டம், 10 அங்குல நீளம். இதைக் கேட்டு வாங்குங்கள். விரலால் எதிர்த்திசையில் தடவினால் தோலைப் பிடிக்க வேண்டும். வழுக்கினால் வேறு கடை பாருங்கள்.

கிடைக்காவிட்டால் இரும்பு அறுக்கிற வாளின் அலகுகள் ஆறேழை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவிலே மெல்லிய வொஷர் கொடுத்து, இரண்டு முனைத் துளையிலும் நட்டு போட்டு இறுக்குங்கள். பல்லெல்லாம் ஒரே பக்கம் நிற்க வேண்டும். பார்க்க அவலட்சணமாக இருக்கும், ஆனால் நன்றாகத் தின்னும். தூள் அடைத்தால் பழைய பல் பிரஷ் போதும்.

சுரண்டுறதுக்குப் போத்தல் ஓடு காணாதோ? நாங்கள் பட்டத்துக்கு ஈர்க்கு, மூங்கில் எல்லாம் அதாலதான் சுரண்டுறனாங்கள்.

வேலை நடக்கும். நானும் அப்படித்தான் பழகினேன். பத்துப் பிள்ளைகள் ஒரே முற்றத்தில் வெறுங்காலோடு நிற்கிற இடத்தில் கண்ணாடி வேண்டாம் என்பதுதான் ஒரே மறுப்பு.

பழைய மரவாள் ஒன்றின் தகட்டில் 5 அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலத்தில் துண்டு வெட்டுங்கள். நீளமான விளிம்பை இரும்பு அரத்தால் சரியான மூலைமட்டத்துக்கு ராவுங்கள். கூராக்க வேண்டாம், சதுரமாக நிற்கட்டும். பிறகு ஸ்குறூ ட்ரைவரின் உருளைத் தண்டை அந்த விளிம்பில் அழுத்தி மூன்று, நான்கு தரம் இழுங்கள். விளிம்பு ஒரு மயிரிழை வெளியே மடங்கும். நகத்தை வைத்தால் தட்டுப்படும். அந்த மடிப்புத்தான் வெட்டுகிறது. தகட்டை இரண்டு பெருவிரலாலும் சற்று வளைத்துப் பிடித்துத் தள்ளினால் வெங்காயத் தோல் மாதிரிச் சுருள் வரும். தூளாக வந்தால் மடிப்புத் தேய்ந்துவிட்டது, திரும்ப இழுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு மெல்லிசாக? தடிப்பு பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். அகலம் பாதியானால் விறைப்பும் பாதிதான். 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள இடத்தில் 1 மில்லிமீற்றர் போனால் விறைப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். முள் அரத்தால் கொஞ்சம் உற்சாகமாகப் பத்து இழுவை இழுத்தால் அவ்வளவும் போகும். அதனால் வில் வளையத் தொடங்கிய பிறகு அரத்தை வாங்கி வைத்துவிட்டுத் தகட்டை மட்டும் கொடுக்கிறேன்.

கிரைண்டர் பிடிச்சா அரை மணித்தியாலத்தில முடியுமே?

முடியும். வில்லும் முடியும். மேலே சொன்ன 1 மில்லிமீற்றர் கிரைண்டருக்கு மூச்சு விடுகிற நேரம். மரம் வாங்கிய இடத்தில் மில்காரரிடம் சொல்லி ஓரங்களை அறுப்பித்து வருவது நல்லது, அதற்குமேல் மின்சாரம் வேண்டாம்.

வைஸ் இல்லாம தடியை எப்பிடி அசையாமப் பிடிக்கிறது?

ஒரு வாங்கு, நிலத்துக்குக் கிட்டத் தொங்குகிற அளவு நீளமாகத் தடித்த கயிறு ஒன்று. கயிற்றை வளையமாக முடிந்து, வாங்கின் மேல் வைத்த தடிக்கு மேலால் போட்டு, கீழே தொங்குகிற பக்கத்தைக் காலால் மிதித்தால் தடி இறுகிக்கொள்ளும். காலை எடுத்தால் கழரும், தடியைத் திருப்பிப் போடலாம். வைஸில் அடிக்கடி திறந்து பூட்டி அலுத்துப்போகிற பிள்ளை ஒரே இடத்தையே சுரண்டிக்கொண்டிருக்கும், அங்கேதான் வில் மெலிந்து மடங்கும். கயிற்று மிதியில் அந்தச் சோம்பலுக்கு இடமில்லை. முதுகுப் பக்கத்துக்குக் கீழே பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை விரியுங்கள், வழுக்காது.

சுவரில பலகையும் கப்பியும் என்னத்துக்கு? கையால வளைச்சுப் பார்க்கலாம்தானே?

கையால் வளைக்கும்போது நீங்கள் வில்லைப் பார்ப்பதில்லை, உங்கள் கையைத்தான் உணர்கிறீர்கள். வில் செய்கிற வேலையில் பெரிய பங்கு, தள்ளி நின்று வளைவைப் பார்ப்பது. அதனால் ஒரே ஒரு சாமானுக்குத்தான் காசிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

5 அடிப் பலகை ஒன்றைச் சுவரில் நிமிர்த்தி அடியுங்கள். உச்சியில் வில்லின் பிடி உட்கார ஒரு தாங்கி, அதிலே துணி சுற்றி. தாங்கியிலிருந்து கீழே அங்குலத்துக்கு ஒரு கோடு. நிலமட்டத்தில் கிணற்றுக் கப்பி. நாணிலிருந்து வருகிற கயிறு கப்பிக்குள்ளால் போய் உங்கள் கைக்கு வரும். எட்டு, பத்து அடி தள்ளி நின்று மெதுவாக இழுங்கள். முறிந்தாலும் துண்டு உங்கள் முகத்துக்கு வராது. ஒவ்வொரு சுரண்டலுக்குப் பிறகும் இருபது, முப்பது தரம் குறைந்த அளவில் இழுத்துவிட்டுத்தான் வளைவைப் பார்க்க வேண்டும். மரம் தன் புது உருவத்தைக் காட்ட அவ்வளவு நேரம் எடுக்கும்.

வல்வெட்டித்துறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. தைப்பொங்கல் பட்டத்துக்கு விண், அதாவது காற்றில் கூவுகிற சின்ன வில், கட்டினவர்கள் அவர்கள். விண்ணின் தடி இரண்டு பக்கமும் ஒத்து வளையாவிட்டால் பட்டம் ஒரு பக்கம் சாயும், கூவலும் நன்றாக வராது. விண்ணை விரலில் வைத்துச் சமன் பார்த்து, ஓரத்தை ஒரு நூல் சீவி, திரும்ப வைத்துப் பார்க்கிற அதே பழக்கம்தான் இங்கேயும். நான் ஒரு மாதம் தொண்டை கிழியச் சொல்வது அவர்களின் விரலில் ஏற்கெனவே இருக்கிறது.

பென்சிலை ஏன் சாமான் கணக்கில சேர்த்தனீங்கள்?

இரண்டு காரணம். சுரண்ட வேண்டிய இடம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் போகும்வரை மட்டும் சுரண்டினால் எல்லா இடத்திலும் ஒரே அளவு போகும்.

மற்றது, 6 அங்குல நேர்மரத் துண்டு ஒன்றின் நடுவில் துளை போட்டுப் பென்சிலை இறுக்கமாகச் செருகுங்கள். கப்பியில் இழுத்துப் பிடித்திருக்கும்போது ஒருவர் இந்தத் துண்டை வில்லின் வயிற்றில் வைத்து நகர்த்த வேண்டும். நன்றாக வளைகிற இடத்தில் நடுவில் இடைவெளி அதிகம், பென்சில் தொடாது. விறைப்பான இடத்தில் இடைவெளி குறையும், பென்சில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் சுரண்டு, விழாத இடத்தில் கை வைக்காதே. கண் பழகாத பிள்ளைக்கு இது கண்.

எந்த மரத்தில பழக்கிறது? பனை எங்களிட்ட நிறையக் கிடக்கே.

பனையில் வில் செய்ததற்குப் பழைய சாட்சி உண்டு. அர்த்தசாஸ்திரத்தில் ஆயுதசாலை பற்றிய பகுதி வில்லுக்குரிய பொருளாகப் பனை, மூங்கில், மரம், கொம்பு என்ற நான்கையும் சொல்கிறது. ஆனால் பனையில் ஆண்டு வளையம் கிடையாது. கறுப்பு நார்கள் ஊசி ஊசியாக நிற்கும், வெளிப்பக்கம் இரும்பு, உள்ளுக்குப் போகப் போகச் சோறு. அலகு பட்டால் நார் கிளம்பும், சிராம்பு நகக்கண்ணில் ஏறும். பழைய வீடு பிரிக்கிற இடத்தில் கூரைக் கைமரம் கிடைத்தால் வாங்கி வையுங்கள், பல வருடம் காய்ந்த மரம் அது. ஆணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உயிர்ப்பனையைத் தறிக்க அனுமதி வேண்டும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தொடக்கத்துக்கு முற்றின கமுகு, இல்லாவிட்டால் தடித்த மூங்கில். இரண்டும் நீளவாக்கில் நேராகப் பிளக்கும், வெளித்தோல் பக்கம் அப்படியே முதுகாகிவிடும். முதுகைத் தொடக்கூடாது. மூங்கிலின் கணுவைக்கூடச் சமப்படுத்தக்கூடாது. வேலையெல்லாம் வயிற்றுப் பக்கத்தில், முள் அரமும் தகடும் போதும், கோடாலிகூடத் தேவையில்லை. பிளந்த மூங்கிலின் ஓரம் சவர அலகு மாதிரி வெட்டும், முதலில் அதைத்தான் ராவி மழுக்க வேண்டும். பூவரசங் கம்பைப் பற்றியும் கேட்கிறார்கள். இளங்கம்பு நன்றாக வளையும், எங்கள் தலைமுறைக்கு முழங்காலுக்குக் கீழே அதன் குணம் நன்றாகத் தெரியும். ஆனால் ஐந்தடிக்கு நேராகக் கிடைப்பதில்லை.

மரம் காய்ஞ்சிட்டுது எண்டு எப்பிடித் தெரியும்? ஈரம் பார்க்கிற மீற்றர் வாங்கோணுமோ?

வேண்டாம். சமையலறைத் தராசில் தடியை நிறுத்து, திகதியோடு தடியிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் நிறுங்கள். இரண்டு, மூன்று வாரம் நிறை குறையாமல் நின்றால் காய்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் நிறை திரும்ப ஏறுவதையும் பார்ப்பீர்கள். அந்த மாதங்களில் வளைவு பார்க்கிற வேலை வைத்தால் வில் கூன் விழும், நாணைக் கழற்றினாலும் வளைந்தே நிற்கும். நான் வகுப்பைத் தையில் தொடங்குவது அதனால்தான்.

எத்தனை இறாத்தல் வில் செய்யிறது?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு 15 முதல் 20 இறாத்தல், அதாவது 7 முதல் 9 கிலோ. பெரியவர்களின் முதல் வில்லுக்கு 25 முதல் 30. தொங்கு தராசைக் கப்பிக் கயிற்றுக்கும் நாணுக்கும் நடுவில் கொளுவுங்கள். 20 இறாத்தல் வில் என்று முடிவெடுத்தால், முழு இழுவைக்கு வராவிட்டாலும் தராசு 9 கிலோ காட்டின இடத்தில் நிறுத்திச் சுரண்டப் போக வேண்டும். இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம் என்கிறவர்களின் வில்தான் கூன் விழுகிறது. பெரியவர்களின் வில் குறைந்தது ஐந்தரை அடி நீளம் இருக்கட்டும். நீளம் பிழையை மன்னிக்கும்.

நாணுக்கு மீன்பிடி நைலோன் சரிவருமோ?

கப்பியில் இழுத்துப் பார்க்கிற நாணுக்குத் தடித்த நைலோன் கயிறு போதும். எய்வதற்கு நைலோன் இழுபட்டுக்கொண்டே போகும். பொலியெஸ்டர் முறுக்குநூலைப் பல இழையாகச் சேர்த்து முறுக்குங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது, எந்த நாணாக இருந்தாலும்.

பத்துப் பிள்ளையளுக்குப் பத்து செற் வேணுமோ?

ஐந்து முள் அரம், பத்துத் தகடு, ஒரு கோடாலி, ஒரு சுவர்ப் பலகை. இரண்டு பேருக்கு ஓர் அரம். ஒருவர் ராவும்போது மற்றவர் வளைவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சுவர்ப் பலகை ஒன்றே ஒன்று என்பதால் வரிசையில் நிற்பார்கள். அடுத்தவரின் வில் எங்கே விறைக்கிறது என்று அந்த வரிசையில் நின்றுதான் அதிகம் பழகுகிறார்கள். இரண்டாவது பலகை அடித்துத் தருகிறேன் என்று ஒரு தகப்பன் கேட்டார், வேண்டாம் அண்ணை என்றுவிட்டேன்.

ஒரு இடத்தில மட்டும் மடங்குது. அதை என்ன சாமானால சரிக்கட்டுறது?

அந்த இடத்தை எந்தச் சாமானாலும் சரிக்கட்ட முடியாது. எடுத்த மரத்தைத் திருப்பி ஒட்ட முடியாதே. அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு விரல் தள்ளிப் பென்சிலால் "தொடாதே" என்று எழுதிவிட்டு, மற்ற எல்லா இடத்தையும் அதற்குச் சமமாக இறக்க வேண்டும். அப்புறம் எதிர்ப் பாதியையும் அதே அளவுக்கு. 25 இறாத்தலுக்குத் தொடங்கின வில் 15இல் முடியும். தம்பி தங்கை யாருக்காவது கொடுக்கலாம்.

முறிஞ்சா மரத்தின்ர பிழையோ, சாமானின்ர பிழையோ?

துண்டைப் பார்த்தால் தெரியும். முதுகில் நீளச் சிராய் எழும்பி முறிந்திருந்தால் முதுகின் நார் எங்கேயோ வெட்டுப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் கோடாலி, அல்லது கணுவை அழகாக்கப் போன அரம். வயிற்றில் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிந்தால் அந்த இடம் மெலிந்து, மற்ற இடங்களின் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறது. அது வளைவைப் பாராமல் சுரண்டினது. நாண் வெட்டில் பிளந்தால் வட்ட அரம் நாருக்குக் குறுக்கே ஆழமாகப் போய்விட்டது. மரத்தில் உளுவோ பழைய வெடிப்போ தெரிந்தால் மட்டும் மரத்தின் பிழை.

எங்கள் கொட்டிலில் முறிந்த துண்டுகளை எல்லாம் திகதி எழுதிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். முதல் ஆறும் என்னுடைய முதல் வகுப்பினுடையவை. நல்ல கமுகுத் துண்டுகளை மார்கழி விடுமுறையில் பெடியள் கேட்காமலே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள், பட்டத்துக்கு விண் கட்ட.